நினைவுக்கல்லும் தீர்ப்பேடும்
(நீதியரசர் இராதாபினோத் பால் வாழ்க்கை வரலாறு)

திருப்பதியை அடுத்த சந்திரகிரிக் கோட்டைக்குள் விசயநகர வேந்தர் காலத்து அரண்மனை ஒன்று உள்ளது. அது இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது. அங்கு வைக்கப்பட்டுள்ள சிற்பங்கள் தாமாகப் பேசா. அவற்றைச் செய்வித்தவர் யார், செய்தவர் யார், எதற்காகச் செய்தனர் என்பவற்றை ஏடுகளும் கல்வெட்டுகளுமே உணர்த்தும். காட்சிக்கு வைத்த பொருள் ஒருவரை நினைவூட்ட வல்லது; ஆனால் அவரை முழுமையாக அறிய அவர் எழுதியதையும் படித்தல் வேண்டும். இவ்வுண்மையை நன்கு விளக்குவது ஓர் இந்திய நீதிபதியின் வாழ்க்கை.

ஜப்பான் நாட்டில் அந்நீதிபதிக்கு நினைவுக்கற்கள் நாட்டப்பட்டுள்ளன. ஹகோனே என்னும் மலையூரில் அவர் பெயர் தாங்கிய நினைவகம் எழுப்பப்பட்டது. அவர் பிறந்த நாட்டிலோ அவர் பெயரை அறிந்தோர் சிலரே. அவர்தாம் இராதாபினோத் பால். வேற்று நாட்டார் அவரைப் போற்றக் காரணமாக அமைந்தது ஒரே ஒரு வழக்கில் அவர் எழுதிய ஒரே ஒரு தீர்ப்பு.

இளமையும் கல்வியும்

இராதாபினோத் பால் 1886 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 27 ஆம் நாள் வங்காளத்தின் குஷ்டியா பகுதியைச் சேர்ந்த சலீம்பூர் என்னும் சிற்றூரில் பிறந்தார். அது வறுமைப்பட்ட குடும்பம். குழந்தைப் பருவத்திலேயே தந்தையின் துணையை இழந்த அவர், தாயின் உழைப்பாலும் உறவினர் சிலரின் ஆதரவாலும் கல்வி கற்றார். கணக்குப் பாடத்தில் இயல்பாகவே அவருக்கு ஆர்வம் மிகுதி. கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பயின்று, கணிதத்தில் 1908 ஆம் ஆண்டு முதுகலைப் பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்றவுடன் உயர்பதவி வாய்க்கவில்லை. அலகாபாத்தில் அரசுக் கணக்கு அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரிந்தார். பணிக்கிடையே சட்டமும் பயின்றார். 1911 ஆம் ஆண்டு முதல் மைமன்சிங் நகரத்து ஆனந்தமோகன் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக ஒன்பது ஆண்டுகள் பணியாற்றினார். ஒரு படியைக்கூடத் தாண்டிச் செல்லாமல் விடைகாணும் கணித ஆசிரியரின் வழக்கம், பின்னாளில் நீதிமன்றத்திலும் அவரைவிட்டு நீங்கவில்லை.

1920 இல் சட்டத்தில் முதுகலைப் பட்டமும், பண்டைய இந்தியச் சட்ட மரபை ஆராய்ந்து 1924 இல் முனைவர் பட்டமும் பெற்றார். கல்கத்தாப் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் ஆசிரியராகவும், உயர்நீதிமன்றத்தில் வழக்கறிஞராகவும் விளங்கினார். வருமானவரிச் சட்டத்தில் அவருக்கிருந்த புலமையை இந்திய அரசும் பயன்படுத்திக்கொண்டது. 1941 முதல் 1943 வரை கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதியாகவும், 1944 முதல் 1946 வரை கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் பணியாற்றினார். அறுபது அகவை நிரம்பிய நிலையில் அவரைத் தேடி வந்தது, அதுவரை எந்த இந்தியரும் ஏற்றிராத ஒரு பொறுப்பு.

டோக்கியோ வழக்கு

இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் 1945 ஆகஸ்டில் சரணடைந்தது. போரைத் தொடங்கிய தலைவர்களையும், போரின்போது நிகழ்ந்த கொடுமைகளுக்குப் பொறுப்பானவர்களையும் நீதிமன்றத்தில் நிறுத்துவதென வென்ற நாடுகள் முடிவு செய்தன. ஜெர்மனியத் தலைவர்களுக்காக நூரம்பர்க் நகரில் ஏற்கெனவே அத்தகைய வழக்கு நடைபெற்றுவந்தது. ஜப்பானியத் தலைவர்களுக்காக டோக்கியோவின் இச்சிகயா பகுதியில் பன்னாட்டு நீதிமன்றம் அமைக்கப்பட்டது. 1946 மே 3 ஆம் நாள் விசாரணை தொடங்கியது.

முதலில் ஒன்பது நாடுகளே நீதிபதிகளை அனுப்புவதாக இருந்தது. இந்தியாவும் பிலிப்பைன்சும் பின்னர்ச் சேர்க்கப்பட்டமையால் நீதிபதிகள் பதினொருவராயினர். ஆஸ்திரேலிய நாட்டு வில்லியம் வெப் தலைமை தாங்கினார். இந்தியாவின் சார்பில் நீதிபதியாக அமர்ந்தவர் பால். அப்போது இந்தியா ஆங்கிலேயர் ஆட்சியின்கீழ் இருந்தது. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 1947 ஆகஸ்டு 15 இல் நாடு விடுதலை பெற்றது. அடிமை நாட்டின் நீதிபதியாகச் சென்றவர் விடுதலை நாட்டின் நீதிபதியாகத் தீர்ப்பு எழுதினார். நாடு பிரிவினையுற்றபோது அவர் பிறந்த குஷ்டியா பாகிஸ்தானோடு சேர்ந்தது. இன்று அது வங்காளதேசத்தில் உள்ளது.

அதே நீதிமன்றக் கூடத்தில் மற்றோர் இந்தியரும் இருந்தார். அவர் நீதிபதி இருக்கையில் அல்லர். குற்றஞ்சாட்டும் வழக்கறிஞர்களின் வரிசையில் இருந்தார். அமெரிக்கரான ஜோசப் கீனன் தலைமையில் பதினொரு நாட்டு வழக்கறிஞர்கள் அவ்வரிசையில் அமர்ந்தனர். இந்தியாவின் சார்பில் வழக்காடச் சென்றவர் சென்னையைச் சேர்ந்த அரசு வழக்கறிஞர் பி. கோவிந்த மேனன். அவர் 1947 இல் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியானார். 1956 இல் உச்சநீதிமன்ற நீதிபதியாக உயர்ந்து, மறு ஆண்டு பதவியில் இருக்கும்போதே காலமானார். 1953 ஆம் ஆண்டு ஆந்திர மாநிலம் அமையும்வரை சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்ததாக இருந்தது. திருப்பதியும் அந்நாளில் சித்தூர் மாவட்டத்து ஊரே. ஆகவே சித்தூர் நீதிமன்றத்தில் முடிந்த வழக்குகளின் மேல்முறையீடுகள், கோவிந்த மேனன் நீதிபதியாக வீற்றிருந்த சென்னை உயர்நீதிமன்றத்திற்கே சென்றன. டோக்கியோவில் குற்றஞ்சாட்டும் தரப்பில் நின்றவர், நாடு திரும்பிய பின் இப்பகுதி மக்களுக்கும் நீதி வழங்கும் மன்றத்தில் அமர்ந்தார்.

வழக்கின் சுமை

முன்னாள் தலைமை அமைச்சர் டோஜோ உள்ளிட்ட 28 பேர்மீது குற்றஞ்சாட்டப்பட்டது. பிற நாடுகள்மீது படையெடுக்கச் சதி செய்தமை, போர்க்கைதிகளையும் பொதுமக்களையும் கொடுமைக்கு உள்ளாக்கியமை, அக்கொடுமைகளைத் தடுக்கத் தவறியமை எனக் குற்றச்சாட்டுகள் விரிந்தன. 419 சாட்சிகள் நேரில் சாட்சியம் அளித்தனர். நாலாயிரத்திற்கும் மேற்பட்ட சான்றாவணங்கள் முன்வைக்கப்பட்டன. விசாரணைப் பதிவுகள் ஏறத்தாழ 50,000 பக்கங்களை எட்டின.

அச்சான்றுகளில் தமிழர் மறக்கவொண்ணாத நிகழ்ச்சி ஒன்றும் இடம்பெற்றது. அது சயாம் மரண ரயில்பாதை. சயாமையும் பர்மாவையும் இணைக்க, 415 கிலோமீட்டர் நீளத்திற்குக் காட்டையும் மலையையும் ஊடறுத்து 1942, 1943 ஆம் ஆண்டுகளில் ஜப்பானியப் படை அப்பாதையை அமைத்தது. அறுபதாயிரத்திற்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் அங்கு வேலை வாங்கப்பட்டனர். அவர்களுள் 12,000 பேருக்கு மேல் இறந்தனர். அவர்களைக் காட்டிலும் பெருந்தொகையினராய் அங்குக் கொண்டுசெல்லப்பட்டவர்கள் ஆசியத் தொழிலாளர்கள். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் உழைத்துவந்த தமிழர் பலர் அவர்களுள் அடங்குவர். பிழைப்புத் தேடிக் கடல் கடந்து சென்ற அம்மக்கள், வாந்திபேதியாலும் மலேரியாவாலும் பட்டினியாலும் பல்லாயிரக்கணக்கில் மடிந்தனர். சீனாவின் நான்கிங் நகரில் 1937 டிசம்பரில் தொடங்கி நிகழ்ந்த படுகொலைகளும் மன்றத்தின் முன் வைக்கப்பட்டன.

மாறுபட்ட தீர்ப்பு

1948 நவம்பரில் தீர்ப்பு படிக்கப்பட்டது. விசாரணைக் காலத்தில் இருவர் இறந்தனர். ஒருவர் மனநலம் குன்றியமையால் விலக்கப்பட்டார். எஞ்சிய 25 பேரும் குற்றவாளிகள் எனப் பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். எழுவருக்குத் தூக்குத் தண்டனையும், பதினாறு பேருக்கு ஆயுள் தண்டனையும், இருவருக்குக் குறைந்த காலச் சிறையும் விதிக்கப்பட்டன. அவ்வாண்டு டிசம்பர் 23 ஆம் நாள் எழுவரும் தூக்கிலிடப்பட்டனர்.

பெரும்பான்மையோடு முழுதும் உடன்படாத நீதிபதிகளும் இருந்தனர். நெதர்லாந்து, பிரான்சு நாடுகளின் நீதிபதிகள் சில பகுதிகளில் மாறுபட்டனர். குற்றஞ்சாட்டப்பட்ட அனைவரையும் எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவிக்கவேண்டும் என்று எழுதியவர் பால் ஒருவரே. 1,235 பக்கங்கள் கொண்ட அவரது மாறுபட்ட தீர்ப்பு மன்றத்தில் படிக்கப்படவில்லை. ஜப்பானில் அமெரிக்கப் படையின் ஆட்சி முடியும்வரை அதனை அந்நாட்டில் வெளியிடவும் இசைவு கிடைக்கவில்லை.

அவர் கூறிய காரணங்கள் மூன்று வகைப்படும். முதலாவது, ஒரு செயல் செய்யப்பட்ட காலத்தில் அது குற்றம் எனச் சட்டத்தில் இல்லையாயின், பின்னர்ச் சட்டம் இயற்றி அதற்குத் தண்டிப்பது முறையன்று என்பது. பிற நாட்டின்மீது போர் தொடுப்பது தீயதே ஆயினும், அதற்காகத் தனிமனிதரைத் தண்டிக்கும் சட்டம் அந்நாளில் இல்லை என அவர் கருதினார். இரண்டாவது, வென்றவர் மட்டும் நீதிபதிகளாக அமர்ந்து தோற்றவரை மட்டும் விசாரிப்பது நடுநிலை ஆகாது என்பது. ஆசிய நாடுகளை அடிமைப்படுத்திய பேரரசுகளும், ஹிரோஷிமா, நாகசாகி நகரங்கள்மீது அணுகுண்டு வீசிய நாடும் விசாரணைக்கு உட்படவில்லை என்பதை அவர் சுட்டினார். மூன்றாவது, தலைவர்கள் அனைவரும் கூடிப் பல்லாண்டுகளாகச் சதி செய்தனர் என்பதற்கும், படையினர் செய்த கொடுமைகளுக்கு அவர்களே ஆணையிட்டனர் என்பதற்கும் போதிய சான்று இல்லை என்பது.

இங்குக் கருத்தூன்றி அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. கொடுமைகள் நிகழவில்லை என்று பால் எழுதவில்லை. நான்கிங்கிலும் பிற இடங்களிலும் ஜப்பானியப் படையினர் கொடுமை புரிந்தமைக்கு வலுவான சான்றுகள் உள்ளன என்றே அவர் ஒப்புக்கொண்டார். நேரடியாகக் கொடுமை செய்தவர்கள் வேறு நீதிமன்றங்களில் தண்டிக்கப்பட்டதையும் அவர் எடுத்துக்காட்டினார். அவர் மறுத்தது, டோக்கியோ மன்றத்தின்முன் நின்ற தலைவர்களோடு அக்கொடுமைகளை இணைக்கும் சட்டத் தொடர்பை மட்டுமே.

அவர் கருத்தை ஏற்காதோரும் பலர். படையை ஆள்பவர், தம் படை செய்யும் கொடுமையை அறிந்தும் தடுக்காவிடின், ஆணையிடாவிட்டாலும் குற்றவாளியே என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் நிலைப்பாடு. நான்கிங்கில் படைநடத்திய தளபதி மட்சுயி, கொடுமையைத் தடுக்கத் தவறிய ஒரே குற்றத்திற்காகவே தூக்குத் தண்டனை பெற்றார். தடுக்கும் ஆற்றல் பெற்றவர் வாளாவிருந்தால் இறந்தவர்க்கு நீதி வழங்குவது எவ்வாறு என்னும் வினாவிற்குப் பாலின் தீர்ப்பு நிறைவான விடை அளிக்கவில்லை எனச் சட்ட அறிஞர் பலர் கருதுகின்றனர். இந்திய அரசும் அத்தீர்ப்பைத் தன் கருத்தாக ஏற்றுக்கொள்ளவில்லை. அதனை ஒரு நீதிபதியின் தனிக்கருத்தாகவே கொண்டது.

சிலப்பதிகாரத்தைக் கற்றோர்க்கு இச்சிக்கல் புதிதன்று. பொற்கொல்லன் சொல்லைக் கேட்ட அளவில், தீர ஆராயாது கோவலனைக் கொல்ல ஆணையிட்டான் பாண்டியன்; அது பிழையென உணர்ந்த கணமே உயிர் துறந்தான். குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு முறையான விசாரணை வேண்டும் என்பதை அக்கதை உணர்த்துகிறது. அநீதிக்கு உள்ளானவரின் குரல் அவையில் கேட்கப்படவேண்டும் என்பதைக் கண்ணகியின் வழக்குரை உணர்த்துகிறது. பால் முதல் அறத்தை உறுதியாகப் பற்றினார். கோவிந்த மேனனும் அவர்தம் தோழர்களும் இரண்டாவது அறத்திற்காக வழக்காடினர். நீதிமன்றத்திற்கு இரண்டும் வேண்டும்.

பிற்கால வாழ்க்கை

1952 இல் பால் மீண்டும் ஜப்பான் சென்றார். பதிப்பாளரான சிமொனாகா யாசபுரோ அவரை மாநாடு ஒன்றிற்கு அழைத்திருந்தார். இருவரும் நெருங்கிய நண்பராயினர். அப்பயணத்தில் ஹிரோஷிமா நகரையும் கண்டார். அணுகுண்டால் மாண்டோர் நினைவுச் சின்னத்தில், பிழை மீண்டும் நிகழாது என்னும் பொருள்பட எழுதப்பட்டிருந்தது. அப்பிழை யாருடையது என்று அவர் வினவினார்.

அவ்வாண்டிலேயே ஐக்கிய நாடுகள் அவையின் பன்னாட்டுச் சட்ட ஆணையத்தில் உறுப்பினராகி, 1966 வரை தொண்டாற்றினார். இருமுறை அதன் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1959 இல் இந்திய அரசு அவருக்குப் பத்மவிபூஷண் விருது வழங்கியது. 1966 இல் மீண்டும் ஜப்பான் சென்றபோது அந்நாட்டுப் பேரரசர் உயரிய விருதளித்துச் சிறப்பித்தார். 1967 சனவரி 10 ஆம் நாள் கல்கத்தாவில் அவர் இயற்கை எய்தினார்.

நினைவுச் சின்னங்கள்

அவர் மறைந்த பின், 1970களில் பால், சிமொனாகா ஆகிய இருவர் பெயராலும் ஹகோனேயில் நினைவகம் அமைந்தது. அவர்கள் விட்டுச்சென்ற பொருள்களும் ஆவணங்களும் அங்கு இடம்பெற்றன. 1997 இல் கியோட்டோ நகரிலும், 2005 இல் டோக்கியோவின் யாசுகுனி ஆலய வளாகத்திலும் பாலுக்கு நினைவுக்கற்கள் நிறுவப்பட்டன. விசாரணை நடைபெற்ற இச்சிகயாக் கூடமும் ஜப்பானியப் பாதுகாப்பு அமைச்சக வளாகத்தில் நினைவுக் கூடமாகப் பேணப்படுகிறது. 2007 இல் இந்தியாவிற்கு வந்த ஜப்பானியத் தலைமை அமைச்சர் அபே, கல்கத்தாவிற்குச் சென்று பாலின் மகனைச் சந்தித்தார்.

இச்சின்னங்களுள் யாசுகுனிக் கல் மிகுந்த விவாதத்திற்கு உரியது. போரில் இறந்த ஜப்பானியரை வழிபடும் அவ்வாலயத்தில், டோக்கியோ மன்றம் தண்டித்த தலைவர்களும் வழிபடப்படுகின்றனர். பாலின் உருவம் பதித்த கல்லைக் காண்போர் பலர், ஜப்பான் தவறே செய்யவில்லை என்று இந்திய நீதிபதி தீர்ப்பளித்ததாக எண்ணிச் செல்கின்றனர். அவர் எழுதிய பக்கங்களைப் புரட்டினால் அவ்வெண்ணம் நில்லாது.

அக்கல்லுக்கு அருகிலுள்ள போர் அருங்காட்சியகத்தின் முகப்புக் கூடத்தில் ஒரு நீராவி எஞ்சின் நிறுத்தப்பட்டுள்ளது. அது சயாம் மரண ரயில்பாதையில் ஓடிய எஞ்சின். துடைத்துத் துலக்கிய அதன் இரும்பைக் கண்டு வியப்போர் உளர். அப்பாதையில் தண்டவாளம் சுமந்து மாண்ட தமிழரை அவ்விரும்பு காட்டாது. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகளுக்கு வரிசை வரிசையாகக் கல்லறைகள் உள்ளன. அவர்களோடு அதே பாதையில் உழைத்து இறந்த தமிழ்த் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோர்க்குப் பெயர் பொறித்த கல் இல்லை. அவர்களை நினைப்பதற்கு விசாரணைப் பதிவுகளும், உயிர்தப்பி வந்தோர் குடும்பங்களில் வழங்கும் செய்திகளும் எஞ்சியுள்ளன.

பால் தம் மனத்திற்கு நேர்மை எனப்பட்டதை, தாம் ஒருவராக நிற்க நேர்ந்தபோதும் எழுதிய நீதிபதி. அவரைப் போற்றுவோரும் மறுப்போரும் அவருக்குச் செய்யக்கூடிய முதல் மரியாதை, அவர் எழுதியதை முழுமையாகப் படிப்பதே. வேற்றூரில் வேலை தேடிச் சென்று வாழும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மற்றொரு கடமையும் உண்டு. அருங்காட்சியகத்தில் ஒரு பொருளைக் காணும்போது, அது யாரை நினைவூட்டுகிறது என்பதோடு, யாரைச் சொல்லாமல் விட்டது என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.

பயிற்சி

1. பால் கணித ஆசிரியராக இருந்தமை அவர்தம் நீதிப் பணிக்கு எவ்வாறு உதவியது?
2. டோக்கியோ வழக்கில் பங்குகொண்ட இந்தியர் இருவரின் பணிகளை வேறுபடுத்தி எழுதுக.
3. பாலின் மாறுபட்ட தீர்ப்பிற்குரிய மூன்று காரணங்களைத் தொகுத்து எழுதுக.
4. பாலின் தீர்ப்பை ஏற்காதோர் கூறும் மறுப்பு யாது? உம் கருத்தைப் பத்து வரிகளில் எழுதுக.
5. உம் ஊரை அடுத்த அருங்காட்சியகம் ஒன்றிற்குச் சென்று ஒரு பொருளைத் தேர்ந்துகொள்க. அது சொல்லும் செய்தியையும் சொல்லாத செய்தியையும் பெரியோரிடம் கேட்டு எழுதுக.